பாடமாக்கிய பிரீ-ட்ரிப்

மூன்று வருட வேலையை வைத்துக்கொண்டு அனுபவக் குறிப்பு எழுத எனக்கு வயது காணாது என்று அம்மா சொல்கிறா. சரிதான், எனக்கு இப்போது இருபத்தாறு. ஆனால் பெரிய ட்ரக் ஓட்டும் க்ளாஸ் ஒன் லைசென்ஸ் எடுக்க வருகிற எங்கள் ஆட்கள் வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "உங்களிட்ட ஒரு கொப்பி இருந்ததாமே, அதைக் கொஞ்சம் தாங்கோவன்." ஏன் தருவதில்லை என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

1. முதல் நாள்

யூனிவர்சிட்டியில் ஒரு வருடம் எஞ்சினியரிங் படித்துவிட்டு, கதிரையில் இருக்கப் பொறுக்காமல் வெளியே வந்திருந்தேன். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குக் கீழே உள்ள தெப்பனர் என்கிற சின்ன மளிகைக் கடைக் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. புவாண்ட்-கிளேரில் ட்ரக் ட்ரைவிங் ஸ்கூல், ஒஃபிஸ் வேலைக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆள் தேவை.

ஸ்கூல் என்றதும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். வேலி போட்ட ஒரு வளவு. ஒரு கொன்டெய்னரில் ஒஃபிஸ். வயதான ஒரு ட்ரக், அதற்கு ஒரு நீள ட்ரெய்லர். முதலாளியும் பயிற்சி கொடுப்பவரும் ஒருவரேதான்: குகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். டொரொண்டோவுக்கும் மொன்றியலுக்கும் இடையில் பதினைந்து வருடம் ட்ரக் ஓடிவிட்டு, முதுகு ஏலாமல் போனதும் ஸ்கூல் தொடங்கியவர்.

"பிள்ளைக்குப் பிரெஞ்சு வடிவா வருமோ?"

"படிச்சது முழுக்கப் பிரெஞ்சிலதான் அண்ணை."

"ட்ரக்கைப் பற்றி என்ன தெரியும்?"

"இண்டைக்கு ஒண்டும் தெரியாது. வெள்ளிக்கிழமை கேளுங்கோ."

அவர் சிரித்துவிட்டு, லைசென்ஸ் ஒஃபிஸ் வெளியிட்ட தடித்த புத்தகத்தை மேசையில் போட்டார். நான் அதை நான்கு இரவில் வாசித்து முடித்தேன். மாதம் முடியுமுன் எழுத்துப் பரீட்சையும் பாஸ், ஏர் பிரேக் பரீட்சையும் பாஸ். அதுவரைக்கும் அந்த வளவில் நின்ற ட்ரக்கின் கதவைக்கூட நான் திறந்து பார்த்திருக்கவில்லை. இதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன் என்பதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

2. கொப்பி பிறந்த கதை

புதிதாக வருகிறவர்களுக்கு ஒழுங்கு இதுதான். முதலில் மருத்துவப் படிவமும் கண் பரிசோதனையும். பிறகு எழுத்துப் பரீட்சை, ஏர் பிரேக் பரீட்சை. அதன் பிறகு லேர்னர்ஸ் லைசென்ஸ். கடைசியில் ரோட் டெஸ்ட். ரோட் டெஸ்ட் என்றால் ஏறி ஓடிக் காட்டுவது மட்டுமல்ல. ஓட முதல் ட்ரக்கைச் சுற்றிவந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டு, இது நல்லது, இது பழுது, இது சின்னப் பழுது என்பதால் போகலாம், இது மேஜர் என்பதால் ட்ரக் நகரக் கூடாது என்று சோதகருக்குச் சொல்லிக் காட்ட வேண்டும். அதைத்தான் பிரீ-ட்ரிப் என்கிறோம். எங்கள் ஆட்கள் ஓட்டத்தில் விழுந்ததில்லை. கொழும்பிலும் வன்னியிலும் லொறி ஓடியவர்கள் பலர். பிரீ-ட்ரிப்பில்தான் விழுந்தார்கள். ட்ரக் தெரியும், பிரெஞ்சு வாயில் வராது.

நான் அதற்கு மருந்து கண்டுபிடித்தேன். பிரெஞ்சு வசனங்களை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதினேன். எண்பத்திரண்டு வரி. முன் பம்பரில் தொடங்கி இடப்பக்கமாகச் சுற்றிவந்து ட்ரைவர் சீட்டில் முடியும். டெஸ்டுக்குப் போய்வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து "உங்களிட்ட என்ன கேட்டவை?" என்று விசாரித்து வரிகளைத் திருத்தினேன். ஊரில் ரியூசனில் பழைய பரீட்சைப் பேப்பர் சேர்ப்பதைப் போலத்தான்.

"எங்கட சனம் பாடமாக்கிறதில கெட்டிக்காரர்," என்றார் குகன் அண்ணை. "உந்தக் கொப்பியைப் பிடிச்சால் காணும் பிள்ளை."

பிடித்துக்கொண்டார்கள். ஒஃபிஸ் வாங்குப் பலகையில் நாலைந்து பேர் ஒன்றாக இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மெட்டில் சொல்லிப் பாடமாக்கினார்கள். வெளியில் இருந்து கேட்டால் கோயில் பஜனை என்றுதான் நினைப்பீர்கள். டயர் என்று வரும் இடத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்குவார்கள். தொடர்ந்து ஏழு பேர் பாஸ் பண்ணினார்கள். கொப்பி போட்டோப் பிரதியாக லவால் வரைக்கும் போய்விட்டது. நான் தரையில் நிற்கவில்லை.

அதில் நாற்பத்தோராவது வரி: "பவெற் அரியேர் கோஷ், தெஷிரே. தெஃபோ மினர்." இடது பின் சேற்றுத் தகடு கிழிந்திருக்கிறது, சின்னப் பழுது. எங்கள் ட்ரக்கில் அது உண்மையிலேயே கிழிந்திருந்தது. டெஸ்டுக்கு ட்ரக்கை நாங்களேதான் கொண்டுபோக வேண்டும் என்பதால், ஒவ்வொருவரும் அந்த வரியைச் சொல்லி நல்ல பெயர் வாங்கினார்கள். அதனால் குகன் அண்ணை அதை மாற்றவேயில்லை. "அது எங்களுக்குப் புள்ளி தாற தகடு," என்பார்.

3. தவராசா அண்ணாவின் முதல் டெஸ்ட்

தவராசா அண்ணா மட்டக்களப்பு. நாற்பத்திரண்டு வயது. ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம், சட்டையை ஆவியில் அயர்ன் பண்ணும் ஸ்டீம் பிரஸ்சில் நின்றவர். தொழிற்சாலை அந்த ஒக்டோபர் முடிவோடு மூடப்படுவதாக அறிவித்துவிட்டார்கள். புவாண்ட்-கிளேரிலேயே எங்களுக்கு நாலு தெரு தள்ளி ஒரு ட்ரக் கம்பனி. அங்கே இரண்டு இடம் காலி. நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குள் லைசென்சோடு வந்தால் ஒரு இடம் அவருக்கு. இல்லாவிட்டால் பனிக்காலம் முடியும்வரை ஆள் எடுக்க மாட்டோம் என்று அங்கே ட்ரக்குகளை அனுப்புகிற டிஸ்பாச்சர் தெளிவாகச் சொல்லியிருந்தான். வீட்டில் மனைவி, மூன்று பிள்ளைகள், ஊரில் இருந்து எடுப்பித்த மாமியார்.

அவர் கொப்பியைப் பாடமாக்கியதுபோல் யாரும் பாடமாக்கவில்லை. பிரஸ்சில் நின்றபடியே சொல்வாராம். "பக்கத்தில நிக்கிற வியட்நாம் மனிசிக்கும் இப்ப பாடம், புள்ள," என்றார்.

டெஸ்ட்டுக்கு முதல் நாள் எங்கள் ட்ரக் கிளட்ச் போய் கராஜுக்குப் போய்விட்டது. குகன் அண்ணை ஓடித்திரிந்து ஒரு ட்ரக்கும் ட்ரெய்லரும் வாடகைக்கு எடுத்தார். பளபளவென்று புதியது. அவ்வளவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தோம்.

சோதகர் ஒரு கெபெக் பெண். ஐம்பது வயதிருக்கும், சிவப்பு ஜாக்கெட், கையில் தேர்மஸ். நான் லைசென்ஸ் ஒஃபிஸ் வளவின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தவராசா அண்ணா முன் பம்பரில் தொடங்கினார். ஒரு வரி பிசகவில்லை. டயரில் மூச்சு வாங்கினார். இடது பின்பக்கம் வந்தார். குனிந்தார். புத்தம் புதுச் சேற்றுத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்த்தபடி, கணீரென்று சொன்னார்:

"பவெற் அரியேர் கோஷ், தெஷிரே. தெஃபோ மினர்."

சோதகர் தகட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "எங்கே?" என்று கேட்டார்.

தனது உச்சரிப்பு விளங்கவில்லை போலும் என்று நினைத்து, தவராசா அண்ணா அதே வரியை இன்னும் உரத்துச் சொன்னார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. ட்ரெய்லரின் மேல்மூலையைப் பேனாவால் காட்டினார். அங்கே ஒரு சிவப்பு விளக்கு உடைந்து கண்ணாடி இல்லாமல் இருந்தது. தவராசா அண்ணா அதைக் கடந்துதான் வந்திருந்தார். கொப்பியில் அது இல்லை. எங்கள் ட்ரக்கில் அந்த விளக்கு நன்றாக எரிந்தது.

டெஸ்ட் அங்கேயே முடிந்தது. படிவத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் வேலிப் பக்கம் வந்து என்னிடம் பிரெஞ்சில் கேட்டார்: "நீங்களா அவருக்குச் சொல்லிக் கொடுத்தது?"

ஓம் என்றேன்.

"உங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். நல்ல பயிற்சி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

திரும்பி வரும்போது தவராசா அண்ணா கேட்டார்: "அந்த மனிசி என்ன புள்ள கேட்டவ? நான் எந்த வரிய விட்ட?"

"ஒரு வரியும் விடேல்லை அண்ணா."

"அப்ப ஏன் பெயில்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தோராவது வரி என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. மற்ற எண்பத்தொரு வரியும் அப்படித்தான். நானும் யாருக்கும் சொன்னதில்லை.

4. ட்ரக்குக்குக் கீழே

அடுத்த தேதி நவம்பரில், கம்பனி சொன்ன அந்த வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் வியாழன். இடையில் மூன்று வாரம். எங்கள் ட்ரக்கும் புதுக் கிளட்சோடு திரும்பி வந்துவிட்டது. இந்த முறை வரிக்கு வரி அர்த்தம் சொல்வது என்று நான் முடிவெடுத்தேன். முதல் நாளே மாட்டுப்பட்டேன். முப்பதாவது வரியில் ஸ்லாக் அட்ஜஸ்டர் என்று வருகிறது. பிரேக்குக்கும் அச்சுக்கும் நடுவில் இருக்கிற கை போன்ற இரும்பு. படத்தில் எனக்கு அது அத்துப்படி.

"எங்க புள்ள இரிக்கு, காட்டு பாப்பம்," என்றார் தவராசா அண்ணா.

நான் சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து தேடினேன். நிமிர்ந்தேன். மற்றப் பக்கம் போய்க் குனிந்தேன். குகன் அண்ணை ஒஃபிஸ் வாசலில் கோப்பிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி தவராசா, பாத்தியே கூத்தை? கொப்பி எழுதின டீச்சருக்கே சாமான் தெரியேல்லை!"

"சிரியாதேங்கோ அண்ணை. வந்து காட்டுங்கோ."

"என்ர முதுகு குனியாது. கீழ போய்ப் படு. மூக்கில முட்டுறதுதான் அது."

கார்ட்போர்ட் மட்டையை விரித்து இரண்டு பேரும் கீழே போனோம். குளிர் முதுகுக்குள் ஏறியது. எண்ணெய் ஜாக்கெட்டில் சொட்டியது. குகன் அண்ணை மேலே நின்று கத்துவார், நாங்கள் கீழே தொட்டுப் பார்ப்போம். தவராசா அண்ணா முதலில் தமிழில் சொல்வார்: "இது பிரேக்கத் தள்ளுற கை. கூட ஆடினாப் பழுது." பிறகு நான் பிரெஞ்சு சொல்வேன். பின்னேரம் தொழிற்சாலை விட்டு அவர் வந்ததும் இதே வேலைதான். இருட்டினால் டோர்ச் பிடித்துக்கொண்டு. தொழிற்சாலை மூடிய பிறகு காலையிலும் வந்தார்.

அவரிடம் ஒரு கெட்டித்தனம் இருந்தது. பிரஸ்சில் நின்ற காது. வால்வ் தேய்ந்தால் ஆவி எந்தச் சுதியில் சீறும் என்று தெரிந்த மனிதர். ஏர் பிரேக்கில் காற்று இறங்குகிற சத்தத்தைக் கேட்டு, எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

எழுபத்தெட்டாவது வரியில் நாங்கள் அரைநாள் நின்றோம். எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்து, காற்று கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்காவிட்டால் சொல்ல வேண்டியது: "பா த ஃபுயீற் தேர்." காற்றுக் கசிவு இல்லை.

"இறங்கினா?"

"இறங்கினா மேஜர் அண்ணா. காத்துப் போனா பிரேக் போகும். ட்ரக் அசையக் கூடாது."

"நாற்பது டன்னோட பிரேக் இல்லாமப் போனா," என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அந்த வரியை மெதுவாக, ஒரு முறை மட்டும் சொன்னார்.

5. வியாழக்கிழமை

இந்த முறை எங்கள் பழைய ட்ரக்கைத்தான் டெஸ்டுக்குக் கொண்டுபோனோம். காலையில் ட்ரெய்லரைக் கொழுவிக் காற்றுக் குழாய்களை மாட்டியபோது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம், கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அதுபோல. நான் குகன் அண்ணையைப் பார்த்தேன்.

"கேஜ் நல்லாத்தான் நிக்குது," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

எஞ்சின் ஓடும்போது கேஜ் நல்லாத்தான் நிற்கும். போகிற காற்றை கொம்ப்ரெசர் நிரப்பிக்கொண்டேயிருக்கும். இது எனக்குத் தெரியும். ஏர் பிரேக் பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கியவள். ஆனால் நாளைக்கு வெள்ளி. நான் ஒன்றும் சொல்லவில்லை. தவராசா அண்ணா ஏறி ஓட்டினார். குகன் அண்ணை ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அதே சிவப்பு ஜாக்கெட், அதே தேர்மஸ். இந்த முறை தவராசா அண்ணா பாடவில்லை. நின்று, பார்த்து, தொட்டு, தேவையான இடத்தில் மட்டும் பிரெஞ்சு சொன்னார். ஒரு மார்க்கர் விளக்கு மங்கலாக எரிவதைக் காட்டினார். ஒரு சில்லு நட்டில் துரு வடிந்திருப்பதைக் காட்டினார். அந்தப் பெண் தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் குகன் அண்ணை என் தோளில் தட்டினார்: "பிள்ளை, ஆள் பாஸ்."

பிறகு தவராசா அண்ணா ஏறி எஞ்சினை நிறுத்தினார். பிரேக்கை மிதித்தார். சோதகர் கீழே, திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குக் கேஜ் தெரியாது. பக்கத்தில் ஹைவே இரைச்சல், கசிவும் கேட்காது. ஒரு வரி சொன்னால் காணும். நாலு சொல்.

நிமிடம் முடிந்தது. வரி வரவில்லை.

"ஏ புயீ?" என்றார் சோதகர். பிறகு என்ன என்று.

தவராசா அண்ணா இறங்கினார். அவருக்கு இதைச் சொல்ல வசனம் இல்லை. கசிவு உண்டு என்று ஒரு வரியை நான் எழுதவேயில்லை. "மடாம், நோ," என்றார். "பா பார்த்தீர்." புறப்படுவதில்லை. சோதகரைப் பின்பக்கம் கூட்டிப்போய், கபினுக்கும் ட்ரெய்லருக்கும் இடையில் போகும் குழாயைக் காட்டி, அவரது கையுறையைக் கழற்றச் சொல்லிச் சைகை செய்தார். அந்தப் பெண் வெறும் கையைக் குழாய்க்குக் கிட்டே வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

குழாயில் வெடிப்பு. அங்கே வைத்துத் திருத்த முடியாது. டெஸ்ட் ரத்து. பெயில் இல்லை, வாகனம் தகுதியில்லை என்று எழுதினார். புதுத் தேதி டிசம்பரில். போக முதல் என்னிடம் வந்து, "இன்றைக்கு மூச்சு வாங்கும் இடம் வேறாக இருந்தது," என்றார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

"ஐயோ தம்பி," குகன் அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு நிமிசம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே!"

"வாய மூடினாப் பாஸ் இல்லையே அண்ண. திறந்து சொல்லத்தானே சொல்றாங்க."

6. மெக்கானிக் வரும்வரை

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பனி வேலை அந்த நவம்பரில் தவராசா அண்ணாவுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான்தான் டிஸ்பாச்சருக்குப் போன் எடுத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். "நல்ல மனிசன். மார்ச்சில் போன் எடுக்கச் சொல்லு," என்று போனை வைத்துவிட்டான். டிசம்பரில், பனிக்குள், தவராசா அண்ணா பாஸ் பண்ணினார். அந்தக் குளிர்காலம் முழுக்க லவாலில் ஒரு பேக்கரிக்குச் சின்ன வான் வண்டியில் பாண் கொண்டுபோய்ப் போட்டார். மார்ச்சில் டிஸ்பாச்சர் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. ஏப்ரலில்தான் எடுத்தான்.

அந்த வியாழன் மெக்கானிக் வர இரண்டு மணித்தியாலம் ஆனது. குகன் அண்ணை குழாயைப் பார்த்தபடி வெளியில் நடந்துகொண்டிருந்தார். நானும் தவராசா அண்ணாவும் கபினுக்குள் இருந்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணா, காலமையே எனக்குச் சத்தம் கேட்டது. நான் சொல்லேல்லை."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கும் கேட்டதுகா."

"வளவிலேயோ?"

"வளவிலயும், வாற வழியிலயும். ரேடியோவுக்கு மேலால கேட்டது. நான் பிள்ளைகள நினைச்ச. கசிவச் சொல்றல்ல, அந்த வரியச் சொல்லிட்டு இறங்கிப் போறது எண்டுதான் நினைச்சிட்டு வந்த."

"பேந்து ஏன் அந்த வரியைச் சொல்லேல்லை?"

"போன முறை எண்டாச் சொல்லிரிப்பன் புள்ள. அப்ப அது வெறும் சத்தம். நீ அர்த்தம் சொல்லித் தந்திட்டாய். இப்ப வாய்க்குள்ள வருகுதில்ல."

இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் இரண்டு வாரம் பிரெஞ்சு கிடையாது. கார்ட்போர்ட் மட்டை தருகிறேன், கீழே போகச் சொல்கிறேன், கண்டதைத் தமிழில் சொல்லச் சொல்கிறேன். நானும் அவர்களோடு மட்டையில் கீழே போகிறேன். போன வருடம் அப்படித்தான் என் லைசென்சையும் எடுத்தேன். சிலர் கோபித்துக்கொண்டு, சீக்கிரம் முடித்துத் தருகிற வேறு இடத்துக்குப் போகிறார்கள். போகட்டும். இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: ஒருவருக்கு அர்த்தம் சொல்லாமல் ஒரு வரியைப் பாடமாக்கிக் கொடுத்தால், அதை அவர் எந்த ட்ரக்குக்குப் பக்கத்தில் நின்றும் சொல்லிவிடுவார்.